ஜி ஃபார் கூட்ஸ்!

பழவந்தாங்கல் ஸ்டேஷன்ல நின்னு பாருங்க மக்கள்ஸ். பீச் போற எலெக்ட்ரிக் ட்ரெயின் அஞ்சு நிமிஷம் லேட். அந்த கேப்புல தடதடன்னு ஒரு கூட்ஸ் வண்டி வரும். நாம என்ன பண்ணுவோம்? எல்.கே.ஜி-யில ஆரம்பிச்ச பழக்கம், பெட்டி எண்ணுவோம். நாற்பதைத் தாண்டினதும் போரடிச்சு மொபைலை எடுத்துடுவோம்.

அடுத்த தடவை பெட்டியை விடுங்க, எஞ்சினைப் பாருங்க. பக்கவாட்டுல 'டபிள்யூ.ஏ.ஜி-9'னு எழுதியிருக்கும். டபிள்யூன்னா வைடு, அதாவது 5 அடி 6 அங்குல அகலப் பாதை. ஏன்னா ஏ.சி. கரன்ட். ஜின்னா கூட்ஸ். கோயம்புத்தூர், பெங்களூருன்னு பறக்கற எக்ஸ்பிரஸுக்கு முன்னாடி 'டபிள்யூ.ஏ.பி' இருக்கும். அந்த பி, பாசஞ்சர்.

நடுவுல இருக்கற கரன்ட் எழுத்தைத் தூக்கிடுங்க. டபிள்யூ.ஜி, டபிள்யூ.பி. ரெண்டும் கரி எஞ்சினோட பேரு. இப்போ ஓடற எலெக்ட்ரிக் எஞ்சின் தாத்தா பேரைச் சுமந்துட்டு ஓடுது, அவ்ளோதான் மேட்டர். பி தாத்தாவுக்கு ரசிகர் மன்றமே உண்டு. மூக்கு கூம்பா, முகத்துல நட்சத்திரம் வெச்சு, பார்த்தாலே விசில் அடிக்கத் தோணும். ஜி தாத்தாவை யாரும் கண்டுக்கலை. அழுக்கா, கரி பூசிக்கிட்டு, நிலக்கரியும் நெல்லும் சிமென்ட்டும் இழுத்தே வாழ்ந்து முடிச்சவர். இந்த வாரம் அவருக்குத்தான் மாலை.

முதல்ல ஒரு உண்மை. ரயில்னாலே மனுஷங்க போறதுக்குன்னு நினைக்கறோம். கிடையாது பாஸ். ரயில் பொறந்ததே சரக்குக்குத்தான். 1804-ல வேல்ஸ் நாட்டுல ரிச்சர்ட் டிரெவிதிக் ஓட்டிக் காட்டின முதல் நீராவி எஞ்சின் இழுத்தது 10 டன் இரும்பு. கூடவே 70 பேர் ஓசியில ஏறிக்கிட்டாங்க. எஞ்சின் ஜெயிச்சுது, தண்டவாளம்தான் அந்த வெயிட் தாங்காம உடைஞ்சுது. 1825-ல ஸ்டாக்டன் - டார்லிங்டன் லைனைப் போட்டதும் சுரங்கத்து நிலக்கரியை ஆத்துத் துறைக்குக் கொண்டுபோகத்தான்.

நம்ம ஊரும் சளைச்சதில்லை. 1837-லயே செங்குன்றத்துல இருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரைக்கும் ஒரு ரயில் பாதை இருந்துச்சு தெரியுமா? ஆர்தர் காட்டன் போட்டது. மெட்ராஸ் ரோடு போடறதுக்குக் கல்லு ஏத்திட்டு வர. வில்லியம் ஏவரி தயாரிச்ச, சுழலும் வகை நீராவி எஞ்சினையும் அதுல ஓட்டிப் பார்த்தாங்க. பம்பாய் - தானா ரயில் 1853. நம்ம ராயபுரம் - வாலாஜா ரோடு பாசஞ்சர் 1856 ஜூலை 1. அதுக்கெல்லாம் முன்னாடியே இங்க ஒரு கூட்ஸ் லைன்! வினாடி வினாவுல இதை வெச்சு எவனையும் காலி பண்ணலாம்.

சரி, பிரிட்டிஷ்காரன் வீட்டுக் கதையைக் கொஞ்சம் பார்த்துட்டு வந்துடுவோம். ஏன்னா நம்ம ஜி தாத்தாவோட பூர்வீகம் அங்கதான்.

1827-ல திமோதி ஹேக்வொர்த்னு ஒருத்தர் 'ராயல் ஜார்ஜ்'னு ஒரு எஞ்சின் செஞ்சார். ஆறு சக்கரம், ஆறையும் ராடு போட்டு இணைச்சு, ஆறுமே இழுக்கற மாதிரி. இதைத்தான் 0-6-0-னு எழுதுவாங்க. முன்னாடி வழிகாட்டற சின்ன சக்கரம் எத்தனை, நடுவுல இழுக்கற பெரிய சக்கரம் எத்தனை, பின்னாடி பாரம் தாங்கற சின்ன சக்கரம் எத்தனை. மூணு நம்பர்தான், பயப்படாதீங்க. கடைசி நம்பரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, அப்புறம் அதுல ஒரு சஸ்பென்ஸ் இருக்கு.

இந்த 0-6-0-வைப் பிடிச்சுக்கிட்டு இங்கிலாந்துல நூறு வருஷத்துக்கு மேல ஓட்டினாங்க. ஏன்னு கேட்டா, சோம்பேறித்தனம் இல்லை. அங்க பெரும்பாலான சரக்கு வேகன்ல எஞ்சின்ல இருந்து இயங்கற பிரேக்கே கிடையாது! சங்கிலியால ஒண்ணோட ஒண்ணு தொளதொளன்னு மாட்டியிருப்பாங்க. பிரேக் எஞ்சின்லயும் கடைசியில கார்டு உக்கார்ந்திருக்கற பெட்டியிலயும் மட்டும்தான். வேகன்ல பாதி ரயில்வேக்குச் சொந்தம்கூட இல்லை, சுரங்க முதலாளிங்களோடது. பிரேக் மாட்டுங்கன்னா 'யார் காசுல?'னு கேப்பாங்க. பிரேக் இல்லாத வண்டியை நீளமா, வேகமா ஓட்ட முடியுமா? அதனால சின்ன வண்டி, சின்ன எஞ்சின், மெதுவான ஓட்டம். தலைவர் எவ்ளோ பலசாலியா இருந்து என்ன, பின்னாடி வர்ற கூட்டத்துக்கு நிக்கத் தெரியலைன்னா மெதுவாத்தான் போகணும்.

1903-ல சர்ச்வார்டுங்கற இன்ஜினீயர்தான் பிரிட்டன்ல முதல் 2-8-0 எஞ்சினை இறக்கினார். எட்டு சக்கரம் இழுக்குது. 1935-ல ஸ்டேனியர் செஞ்ச 8எஃப், ரெண்டாம் உலகப் போர்ல ஈரான் பாலைவனம் வரைக்கும் போய் சரக்கு இழுத்துச்சு. நடுவுல 1942-ல க்யூ1-னு ஒரு 0-6-0 வந்துச்சு பாருங்க, உலகத்துலயே அசிங்கமான எஞ்சின் போட்டி வெச்சா ஃபைனல்ஸ் நிச்சயம். போர்க்காலம், இரும்புப் பஞ்சம், அழகுக்குன்னு ஒரு கிலோ தகடுகூட செலவு பண்ணலை. அதை ஓட்டின கம்பெனி பேரும் சதர்ன் ரயில்வேதான், நம்மது இல்லை, அவங்களோடது. எனக்கென்னவோ அந்த க்யூ1-ஐ ரொம்பப் பிடிக்கும். வேலைக்கு எது தேவையோ அது மட்டும்.

இப்போ நம்ம ஊர்.

1900-கள் தொடக்கத்துல இந்தியாவுல ஆளாளுக்கு ஒரு ரயில்வே கம்பெனி, ஆளாளுக்கு ஒரு டிசைன். நட்டு ஒண்ணு உடைஞ்சாக்கூட பக்கத்து கம்பெனி நட்டு சேராது. அதனால பிரிட்டிஷ் இன்ஜினீயரிங் தர நிர்ணயக் கமிட்டி உட்கார்ந்து இந்தியாவுக்குன்னு பொது டிசைன்கள் போட்டுச்சு. சரக்குக்கு ஒரு 0-6-0, கனமான சரக்குக்கு ஒரு 2-8-0. நல்ல எஞ்சின்கள்தான். அந்த 0-6-0-வுல சிலது பாகிஸ்தான்ல 1990-கள் வரைக்கும் ஓடிட்டிருந்தது.

ஆனா ஒரு சிக்கல். கரி!

வேல்ஸ் கரி மாதிரி நல்ல கரி கிடைச்சா சின்ன அடுப்பு போதும். ராணிகஞ்ச், ஜாரியா, நம்ம தெற்குப் பக்கத்துக்கு வந்த சிங்கரேணின்னு இந்தியக் கரியில சாம்பல் ஜாஸ்தி, சூடு கம்மி. அதே அளவு நீராவி வேணும்னா அதிகக் கரியை ஒரே நேரத்துல எரிக்கணும். அதிகம் எரிக்க, அடுப்பு அகலமா இருக்கணும். கல்யாண சமையலுக்கு வீட்டு ஸ்டவ் பத்துமா? கோட்டை அடுப்பு வேணும் இல்லையா, அது மாதிரி.

2-8-0 எஞ்சின்ல அடுப்பை எங்க வைப்பீங்க? பின்னாடி பெரிய சக்கரங்கள் ரெண்டு பக்கமும் நிக்குது. நடுவுல ஒடுங்கித்தான் உட்காரணும். அகலமாக்கணும்னா அடுப்பைப் பெரிய சக்கரத்துக்குப் பின்னாடி தள்ளணும். தள்ளினா அந்த வெயிட்டை யார் தாங்கறது? அங்க ஒரு சின்ன ஜோடி சக்கரம் போடணும்.

அதான் அந்தக் கடைசி நம்பர். 2-8-0 எஞ்சின் 2-8-2 ஆச்சு. 1920-கள் கடைசியில எக்ஸ்.டி., எக்ஸ்.இ.-னு ரெண்டு புது வகை இந்தியாவுக்கு வந்தப்போ ரெண்டுமே 2-8-2. பழைய டிசைன்ல கரி எரியற தட்டு சுமார் 32 சதுர அடி. பின்னால வந்த நம்ம டபிள்யூ.ஜி-யில அது 46 சதுர அடி. இங்கிலாந்துல இருக்கறவன் பார்த்தா 'ஏன்டா தேவையில்லாம ரெண்டு சக்கரம்?'னு கேப்பான். அது சக்கரம் இல்லை சார், எங்க ஊர் கரியோட சாம்பல். டிசைன்ங்கறது எங்கயோ ஒரு டிராயிங் போர்டுல முடிஞ்சுடற விஷயம் இல்லைன்னு நம்ம டிபார்ட்மென்ட்ல நாலு வருஷம் கத்துக்குடுக்கறதை, இந்த ஒரு ஜோடி சக்கரம் நாலு செகண்ட்ல சொல்லிடுது.

எங்க ஏரியாவுல ஒரு தாத்தா இருக்கார். ஜோலார்பேட்டைப் பக்கம் ஃபயர்மேனா ஓடினவர். 'டபிள்யூ.ஜி எப்படி தாத்தா?'னு கேட்டேன். "46 சதுர அடின்னு நீ சொல்றே தம்பி, அதை நிரப்பினவனைக் கேளு"ன்னார். டிரைவர் ஒருத்தர், ஃபயர்மேன் ரெண்டு பேர். ஒருத்தர் கரியை உடைச்சு முன்னாடி தள்ள, இன்னொருத்தர் ஷவல்ல அள்ளி அடுப்போட நாலு மூலைக்கும் வீசணும். ஒரு மூலையில கரி கம்மியானா அந்த ஓட்டை வழியா குளிர்ந்த காத்து ஏறி பிரஷர் விழுந்துடும். கூட்ஸ் வண்டி ஏத்தத்துல நின்னா தொலைஞ்சோம், பின்னாடி வர்ற மெயில் வரைக்கும் எல்லாம் லேட்டு, மறுநாள் விசாரணைன்னு சொல்லிச் சிரிச்சார். ஜிம்முக்கு மாசம் ஆயிரக்கணக்குல கட்டற நம்ம பசங்க யாராவது மே மாசத்து வெயில்ல அந்த அடுப்பு முன்னாடி ஒரு மணி நேரம் நிக்கத் தயாரா?

இப்போ கணக்கு. ஓடாதீங்க, சின்னதுதான்.

டபிள்யூ.பி, டபிள்யூ.ஜி ரெண்டுக்கும் ஒரே மாதிரி பாய்லர். பல பாகங்களை மாத்தி மாட்டிக்கலாம். ரெண்டுலயும் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு, பிஸ்டன் ஓடற தூரம் 28 அங்குலம். அப்போ ஒண்ணு எப்படி எக்ஸ்பிரஸ், இன்னொண்ணு எப்படி கூட்ஸ்? வித்தியாசம் ரெண்டே ரெண்டு. பி-யோட இழுக்கற சக்கரம் 67 அங்குலம், ஜி-யோடது 61½. பி-யோட சிலிண்டர் விட்டம் 20¼ அங்குலம், ஜி-யோடது 21⅞.

ஃபார்முலா இதான்: சிலிண்டர் விட்டத்தை வர்க்கம் பண்ணுங்க, 28-ஆல பெருக்குங்க, பிரஷரால பெருக்குங்க, சக்கர விட்டத்தால வகுங்க. நீராவி முழு பிரஷர்ல சிலிண்டருக்குப் போய்ச் சேராதுங்கறதால 0.85-ஆல பெருக்கிடுங்க. பி-க்கு சுமார் 30,600 பவுண்டு இழுவிசை, ஜி-க்கு சுமார் 38,900. கிட்டத்தட்ட 27 சதவீதம் ஜாஸ்தி! அதே அடுப்பு, அதே தண்ணி, அதே பிரஷர். சக்கரத்தைச் சின்னதாக்கினதுல 9 சதவீதம், சிலிண்டரைக் கொஞ்சம் பெருசாக்கினதுல 17 சதவீதம். ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, சரியா வரும்.

'அப்போ எக்ஸ்பிரஸுக்கும் இதையே பண்ண வேண்டியதுதானே?' கேட்பீங்கன்னு தெரியும். கியர் சைக்கிள் ஓட்டியிருந்தா பதில் உங்க காலுக்கே தெரியும். பரங்கிமலை ஏத்தத்துல லைட் கியர் சூப்பர். அதே கியர்ல ஜி.எஸ்.டி. ரோட்டுல போனா காலு கிறுகிறுன்னு சுத்தும், வண்டி நகராது. சின்ன சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு அதிக தடவை சுத்தணும். ஒவ்வொரு சுத்துக்கும் பெரிய சிலிண்டர் அதிக நீராவி குடிக்கும். வேகம் ஏற ஏற பாய்லர் 'என்னால முடியலைப்பா'ன்னு கையைத் தூக்கிடும்.

இன்னொரு விஷயம், இழுவிசை மட்டும் இருந்தா போதாது, பிடிப்பும் வேணும். இரும்பு மேல இரும்பு வழுக்கும். சக்கரம் மேல அழுத்தற எடையில நாலுல ஒரு பங்குதான் நம்பி இழுக்கலாம்னு வெச்சுக்கங்க. டபிள்யூ.ஜி-யில இழுக்கற அச்சு நாலு. ஒவ்வொண்ணும் சுமார் 18 டன், மொத்தம் 72. நாலுல ஒண்ணு 18 டன். மேல பார்த்த 38,900 பவுண்டை டன்னுக்கு மாத்தினா 17.6. கச்சிதமா உள்ள அடங்குது பாருங்க! டிசைன் பண்ணவன் கையைக் குலுக்கணும் போல இருக்கு. மூணு அச்சு இருந்திருந்தா சக்கரம் இருந்த இடத்துலயே சுத்தும், மழைக்கால வேளச்சேரியில மாட்டின ஆட்டோ மாதிரி.

யார் அந்த டிசைன் பண்ணவன்? இங்கதான் ஹாஸ்டல் மெஸ்ஸுல அடிக்கடி நடக்கற சண்டைக்கு வரேன். 'வெள்ளைக்காரன் மட்டும் வரலைன்னா ரயிலே கிடையாதுடா'னு ஒரு குரூப். 'எல்லாம் நம்ம காசுடா'னு இன்னொரு குரூப். ரெண்டு குரூப்புக்கும் நான் மூணு தகவல் தரேன், சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க.

ஒண்ணு, 1895-ல அஜ்மீர் பட்டறையில எஃப்-734-ங்கற எஞ்சினை நம்ம ஆளுங்க கட்டினாங்க. இந்தியாவுல கட்டின முதல் எஞ்சின். 0-6-0, மீட்டர்கேஜ். இப்போ டெல்லி ரயில் மியூசியத்துல இருக்கு. ரெண்டு, பீகார்ல ஜமால்பூர் பட்டறை 1899-ல இருந்து 1923 வரைக்கும் 216 எஞ்சின் கட்டுச்சு. அதாவது முடியாதுங்கறது இல்லை, நூறு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுது. அப்புறம் நின்னுடுச்சு. மூணாவதுதான் வயித்தெரிச்சல். 1921-ல அரசாங்கம் 'இனிமே எஞ்சினுக்கு இந்தியாவுலயும் டெண்டர் விடுவோம்'னு சொன்னதை நம்பி, ஜாம்ஷெட்பூர் பக்கம் பெனின்சுலர் லோகோமோட்டிவ் கம்பெனின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஆர்டர் வரலை. ஒரு எஞ்சின்கூட வெளியே வராம, கடைசியில பட்டறையை அரசாங்கமே வாங்கிக்கிச்சு.

மொத்தத்துல சுதந்திரத்துக்கு முன்னாடி பிரிட்டன்ல இருந்து இங்க வந்து இறங்கின எஞ்சின்கள் பத்தாயிரத்துக்கும் மேல. இங்கயே கட்டினது சில நூறு. ரயில்வே கம்பெனிகளோட முதலாளிகளும் லண்டன்ல, எஞ்சின் கம்பெனிகளும் அங்க. ஆரம்பத்துல போட்ட முதலுக்கு 5 சதவீத லாபம் நிச்சயம்னு நம்ம வரிப்பணத்துல கேரண்டி வேற. அவங்க எஞ்சினைக் குடுத்தாங்க, வாஸ்தவம். எஞ்சின் செய்யற வேலையை மட்டும் குடுக்கலை. என் ஓட்டு இதுக்குத்தான். ஒரு ஜெனரேஷன் இன்ஜினீயருக்கு ரிப்பேர் மட்டும்தான் கத்துக்குடுத்தாங்க. பெரம்பூர் லோகோ பட்டறையிலயும் பொன்மலையிலயும் அந்த ரிப்பேரை வெச்சே நம்ம ஆளுங்க எவ்ளோ கத்துக்கிட்டாங்கங்கறது தனிக் கதை. லீட்ஸ்ல 1855-ல செஞ்ச ஈ.ஐ.ஆர்-21 எஞ்சினை 2010-ல மறுபடி ஓட வெச்சது பெரம்பூர்தான்!

அந்த ஜாம்ஷெட்பூர் பட்டறை என்ன ஆச்சு? 1945-ல டாடா கைக்குப் போச்சு. டாடா இன்ஜினீயரிங் அண்டு லோகோமோட்டிவ் கம்பெனி, சுருக்கமா டெல்கோ. மீட்டர்கேஜ் கரி எஞ்சின் செஞ்சு பழகின கம்பெனி அது. 2003-ல பேரை மாத்திக்கிட்டாங்க, டாடா மோட்டார்ஸ். கேம்பஸ் இன்டர்வியூவுல 'எங்க கம்பெனியைப் பத்தி என்ன தெரியும்?'னு கேட்டா, கார் பேரை ஒப்பிக்காம இதைச் சொல்லிப் பாருங்க.

டபிள்யூ.ஜி-க்கு வருவோம். போர் முடிஞ்ச கையோட, இந்திய ரயில்வேயே இந்தியப் பாதைக்கு, இந்தியக் கரிக்குன்னு வகுத்துக்கிட்ட எஞ்சின் இது. போர்க்காலத்துல இங்க வந்திறங்கின அமெரிக்க எஞ்சின்களோட வாடை இதுல தூக்கலா அடிக்கும். சிம்பிளா, முரட்டுத்தனமா, எந்த ஷெட்லயும் கழட்டி மாட்டற மாதிரி. முதல் ஆர்டர் யாருக்குப் போச்சு? கிளாஸ்கோவுல இருக்கற நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனிக்கு. 1903-ல மூணு கம்பெனி சேர்ந்து உருவான ஜாம்பவான், ஐரோப்பாவுலயே பெருசு. நம்ம டிசைனை அவங்க கட்டித் தந்தாங்க. அப்புறம் ஜெர்மனி, ஜப்பான்னு பல நாட்டுல இருந்தும் டபிள்யூ.ஜி வந்துச்சு.

அதே சமயம் வங்காளத்துல சித்தரஞ்சன் தொழிற்சாலை எழுந்துச்சு. 1950 நவம்பர் 1-ம் தேதி அங்க இருந்து முதல் டபிள்யூ.ஜி வெளியே வந்தது. பேரு 'தேஷ்பந்து'. ஆரம்பத்துல பல பாகங்கள் வெளிநாட்டுச் சரக்குதான், மறைக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970-ல கடைசி டபிள்யூ.ஜி வந்தப்போ மொத்தக் கணக்கு 2,450. ஒரே வகையில இவ்ளோ எஞ்சின்! இங்கிலாந்தோட கடைசி, பிரமாதமான சரக்கு எஞ்சின் 9எஃப் மொத்தமே 251தான்.

அந்த 9எஃப் கதையையும் கேட்டுடுங்க. 1954-ல வந்தது. 2-10-0, பத்து சக்கரம் இழுக்கும். அந்த வரிசையில கடைசி எஞ்சின், பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டின கடைசி நீராவி எஞ்சினும் அதுதான், 1960 மார்ச்ல வெளியே வந்துச்சு. பேரு 'ஈவினிங் ஸ்டார்'. அஞ்சே வருஷத்துல, 1965-ல ரிட்டயர் பண்ணிட்டாங்க. 1968-ல பிரிட்டன்ல வழக்கமான நீராவி ஓட்டமே முடிஞ்சுது. நம்ம 1970 டபிள்யூ.ஜி-க்கு வெச்ச பேரு 'அந்திம் சிதாரா', கடைசி நட்சத்திரம்னு அர்த்தம். ரெண்டு நாட்டுலயும் கடைசிக் குழந்தை கூட்ஸ் எஞ்சின், ரெண்டுக்கும் நட்சத்திரப் பேரு. ஆனா இங்க அகலப் பாதையில கரி எஞ்சின் 1995 வரைக்கும் ஓடுச்சு.

கிளாஸ்கோ ஜாம்பவான்? டீசல் காலம் வந்தப்போ தடுமாறினாங்க. செஞ்ச டீசல் எஞ்சின்கள்ல ஏகப்பட்ட கோளாறு. 1962-ல மூடிட்டாங்க. அவங்ககிட்ட டபிள்யூ.ஜி கட்டக் குடுத்த பத்துப் பதிமூணு வருஷத்துல, ஆர்டர் குடுத்த வாடிக்கையாளர் சொந்தமா எஞ்சின் கட்டிட்டிருக்காங்க, கட்டிக் குடுத்த கம்பெனியைக் காணோம்.

சித்தரஞ்சன் மட்டும் 'நாங்க கரி எஞ்சின் கம்பெனி'ன்னு உட்கார்ந்திருக்கலை. டபிள்யூ.ஜி உற்பத்தி உச்சத்துல இருந்த 1961-லயே ஒரு பக்கம் எலெக்ட்ரிக் எஞ்சின் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கடைசி கரி எஞ்சின், மீட்டர்கேஜுக்கானது, 1972-ல வெளியே போச்சு. இப்போ அங்க கட்டறதெல்லாம் எலெக்ட்ரிக். நம்ம லைன்ல ஓடற டபிள்யூ.ஏ.ஜி-9 எஞ்சின்கள்ல நிறைய அங்க பொறந்ததுதான். எஞ்சின் உடம்புல சின்னதா ஒரு தகடு இருக்கும், எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம்னு போட்டிருக்கும். கூட்ஸ் சிக்னலுக்கு நின்னுச்சுன்னா பிளாட்ஃபாரத்துல இருந்தே படிச்சுடலாம். தண்டவாளத்துல மட்டும் இறங்காதீங்க, பீச் வண்டி சொல்லிட்டு வராது!